பாலில் என்ன இருக்கிறது?

மார்ச் 4

என் செல்லக் குட்டிம்மா,

போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். தடுப்பூசிக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நீ, உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? முந்தாநாள் எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். நேற்று அக்குளில் கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம். உன் மாமா எதையோ படித்துவிட்டு வந்து, "உடம்பு பூரா ஓடுமாம், போகவே போகாதாம். பால்லயும் வருமாம்" என்றார். அதிலிருந்து பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் கொட்டுகிறேன். பாப்பா புட்டியைத் தள்ளிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். தங்கையாகப் பதில் எழுது, கம்பெனி ஆளாக வேண்டாம்.

தவிப்புடன்,
அக்கா

மார்ச் 7

அன்பு அக்கா,

பயப்படாதே. மருந்தில் பெரும்பகுதி தோள் சதையிலும், பக்கத்து அக்குள் நிணநீர் முடிச்சிலும் தங்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கேதான் கூடிப் பாடம் படிக்கின்றன, வீக்கம் அதனால்தான். கொஞ்சம் ரத்தத்தோடு கல்லீரல், மண்ணீரல் வரை போகும். மாமா சொன்னது அவ்வளவுக்குச் சரி. ஆனால் மரபணு இருக்கும் உட்கருவுக்குள் அது நுழைவதில்லை. பெரும்பாலும் சில நாட்களில் சிதைந்துவிடும். முடிச்சுகளில் மட்டும் சில வாரம் கழித்தும் சுவடு தென்பட்டிருக்கிறது.

பாலில், சிலருக்கு, ஊசி போட்ட முதல் ஓரிரு நாள் மிகச் சொற்பமாகக் கண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதனால் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை. தாராளமாகப் பால் கொடு. 'இல்லவே இல்லை' என்று எழுதத்தான் ஆசை. உன்னிடம் முடியவில்லை.

உன்
குட்டி

மார்ச் 12

அடி குட்டி,

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'சொற்பமாக' என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்கவே முடியவில்லை. கடிதத்தை உன் மாமா மடியில் எறிந்தேன். முழுக்கப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "பொய் சொல்லணும்னா இந்த இடத்துலதான் சொல்லியிருப்பா. சொல்லலையே. அப்போ மத்ததையும் நம்பலாம்."

குழந்தை டாக்டரிடமும் போனோம். "ஏம்மா நிறுத்துனீங்க?" என்று அவர் என்னைத்தான் திட்டினார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவை மடியில் போட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீம்பு, உன்னை மாதிரியே. எனக்கு உயிரே போய்விட்டது. பேசிப் பேசிக் கெஞ்சினேன். சாயங்காலம் தானாகவே வந்து பற்றிக்கொண்டாள்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு கையால்தான் எழுதுகிறேன். இன்னொரு கையில் ஆள் இருக்கிறாள்.

அக்கா