இடிக்கும் குண்டுக்கும் ஒரே பாடமா?

என் பிரியமான மச்சான் வேலாயுதத்துக்கு,

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தது நீதான். செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, அதனால் எனக்குச் சம்பந்தமில்லை என்று நீ தப்பித்துக்கொள்ள முடியாது.

இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால், காய்ச்சலில் கிடந்த உன்னை இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்திருப்பேன். மலேரியாவுக்கான கொயினா மாத்திரைதான் கிடைக்கவில்லை. அது யார் அலமாரியில் பூட்டிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நாளை உன் திதிக்கு வரப்போகிறவர்களுக்கும் தெரியும். அவர்கள் நடுவில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்கப்போகிறேன். வெள்ளைக்காரத் துரை ஓடியபின் சப்பான்காரனுக்காக ரப்பர் தோட்டத்தைக் கட்டி மேய்க்கும் நம் ஆபீஸ் குமாஸ்தா கிராணி ஐயாவும் சாப்பிட வருவார். வரட்டும். மரவள்ளிக்கிழங்குதான்.

நீ போனதும் உன் வேலை என் தலையில் விழுந்தது. வாத்தியார் என்று கூப்பிடக் கூடாதாம், சப்பான் பாஷையில் சென்செய் என்று கூப்பிட வேண்டுமாம். பிள்ளைகள் கோணியைச் சட்டையாக மாட்டிக்கொண்டு, காலையில் சப்பான் ராஜா இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிகிறார்கள். அப்படிக் குனியும்போது பாதிப் பேருக்குப் பசியில் தலை சுற்றுகிறது. அதைத் தேகப்பயிற்சி என்று எழுதி அனுப்புகிறேன்.

உன் பதுங்குகுழிப் பாடத்துக்கு வருகிறேன். துரை இருந்தபோது சப்பான் விமானம் வந்தது. குழி வெட்டிப் பதுங்குங்கள் என்றான் துரை. அவன் பதுங்கவில்லை, காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் பறந்தான். இப்போது வெள்ளைக்காரன் விமானம் உயரத்தில் போகிறது. அதே குழியில் பதுங்குங்கள் என்கிறான் சப்பான்காரன். விமானம்தான் கை மாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் குழி வெட்டிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

நீ அந்தப் பிள்ளைகளைப் பழக்கிவைத்த விதத்தை ஊரே மெச்சியது. பெரிய சத்தம் கேட்டால் கேள்வி கேட்காதே. கட்டடத்தை விட்டு ஓடு. ரப்பர் மரத்தடிக் குழிக்குள் குப்புறப் படு. குண்டு அதிர்ச்சியில் நாக்கைக் கடிக்காமலிருக்க, கழுத்தில் கயிற்றில் தொங்கும் ரப்பர் துண்டைப் பல்லுக்கு நடுவே வை. ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று முறை அடித்தால் மட்டும் எழுந்திரு. யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயே கூப்பிட்டாலும், மணி கேட்காமல் எழுந்திருக்காதே. கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இதை நடத்தினாய். அதனால்தான் இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏழெட்டு என்னவென்று தெரியாது. ஓடத் தெரியும்.

இந்த மாதம் மழை மோசம். பெடாஸ் பக்கத்தில் இடி விழுந்து ஒரு மாடு செத்தது. நாம் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மூன்று மரம் முறிந்தது. சரி, விமானம் எப்போதாவது வரும், இடி தினமும் வருகிறதே, அதற்கு ஒரு பாடம் நடத்துவோம் என்று தோன்றியது. கரித்துண்டால் பலகையில் ஒரு மரம், ஒரு மின்னல் வரைந்தேன்.

"இடி இடிச்சா என்ன செய்யணும்?"

"அர்ச்சுனன் பேரச் சொல்லணும் சென்செய்!"

"சொல்லு. சொல்லிட்டு எங்க போவ?"

"வீட்டுல இருக்கிற அருவா, ரப்பர் பால் வெட்டுற கத்தி எல்லாத்தையும் தூக்கி வாசல்ல போடணும். எங்க ஆயா போடும்."

"மழைக்குள்ள இரும்பத் தூக்கிக்கிட்டு வெளிய போவியா? இடி உன்னத் தேடவே வேணாம், நீயே போய் நிக்கிற."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த உன் மகள் காமாட்சி மட்டும் சிரிக்கவில்லை. கை தூக்கினாள்.

"குழிக்குள்ள படுக்கணும் மாமா."

படுக்கக் கூடாது என்றேன். மரத்தடிக்குப் போகாதே, தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் போகாதே, இரும்பைத் தொடாதே. பள்ளிக்கூடத்துக்குள் நடுவில், கதவை விட்டுத் தள்ளி உட்கார். இடி அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பொறு. பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். பலகையைப் பார்த்துச் சொன்னார்கள், பார்க்காமல் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு பெருமை. உன்னைவிட நல்ல வாத்தியார் ஆகிவிட்டேன் என்றுகூட நினைத்தேன், மச்சான்.

அன்று மத்தியானமே வானம் கறுத்தது. காற்று தகரக் கூரையைப் பிறாண்டியது. "பயப்படாதீங்க, பாடம் ஞாபகம் இருக்குல்ல?" என்றேன். "இருக்கு சென்செய்!" என்றார்கள். முதல் இடி விழுந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தில் நான் மட்டும் இருக்கிறேன்.

இரண்டு வரிசையாகப் போனார்கள், மச்சான். ஒருவரையொருவர் இடிக்காமல், சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். நீ பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பாய். குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். குப்புறப் படுத்தால் மூக்கு முழுகும் என்று கண்டுபிடித்துத் தலையை மட்டும் ஆமை மாதிரித் தூக்கிக்கொண்டு, பல்லில் ரப்பரைக் கவ்விக்கொண்டு கிடந்தார்கள். மேலே ரப்பர் மரங்கள் ஆடிய ஆட்டத்தில் கிளைகள் பிய்ந்து விழுந்துகொண்டிருந்தன.

ஓடிப்போய் ஒருவனைத் தூக்கிக் கரையில் விட்டேன். அடுத்தவளைத் தூக்கக் குனிவதற்குள் முதல் ஆள் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை. அப்பன்மாரில் பாதிப் பேர் சயாமில் ரயில் பாதை போடப் போய் இன்னும் திரும்பவில்லை, அம்மாக்கள் மலைக்காட்டில் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"எழுந்திரு காமாட்சி! காலையில என்ன சொன்னேன்?"

ரப்பரை ஒரு கணம் வெளியே எடுத்தாள். "மணி அடிச்சாத்தான் எழுந்திரிக்கணும். எங்கப்பா சொல்லியிருக்காரு." மறுபடியும் கவ்விக்கொண்டாள்.

உயிரோடு நனைந்துகொண்டு நிற்கும் தாய்மாமன் சொல் எடுபடவில்லை. செத்துப்போன உன் சொல்தான் எடுபட்டது.

ஆபீசுக்கு ஓடினேன். கிராணி நாற்காலியில் காலைத் தூக்கிவைத்து, சுத்தியலை மடியில் கிடத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"ஐயா, மூணு மணி அடிங்க. புள்ளைங்க குழியில கிடக்குதுங்க."

"எப்படி லா அடிக்கிறது? மூணு மணின்னா ஆபத்து நீங்கிச்சுன்னு அர்த்தம். ஆபத்து வந்துச்சுன்னு நான் இன்னும் அடிக்கவே இல்லையே."

"மரம் விழுதுய்யா!"

"மரம் விழுறதுக்கு மணி கிடையாது. பிளேனுக்குத்தான் மணி. வேணும்னா ஒண்ணு பண்றேன். முதல்ல ஆபத்து மணி அடிக்கிறேன், அப்புறம் நீங்குற மணி அடிக்கிறேன். முறையா இருக்கும்."

"ஆபத்து மணி அடிச்சா லயத்துல இருக்கிற கிழவன் கிழவியெல்லாம் மரத்தடிக்கு ஓடி வருமே!"

"வரட்டுமே. அவங்களுக்கும் சேர்த்து நீங்குற மணி அடிப்பேன்ல?"

கொயினாவைப் பூட்டி வைத்த முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை, மச்சான். ஒழுங்கு மட்டும்தான் இருந்தது. சுத்தியலைப் பிடுங்கினேன்.

"டேய்! அது சர்க்கார் சுத்தியல்டா!"

இடி இடிக்கும்போது இரும்பைத் தொடாதே என்று காலையில் பாடம் நடத்திய வாத்தியார், மத்தியானம் கொட்டும் மழையில் இரும்புச் சுத்தியலால் தண்டவாளத்தை அடித்தான். மூன்று அடி. அர்ச்சுனனுக்கு எத்தனை பேர் உண்டோ, தெரிந்ததெல்லாம் சொன்னேன்.

அவ்வளவுதான். குழியிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். வரிசை கட்டி, சேற்றை உதறி, பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். ஓட மாட்டேன் என்கிறார்கள், திரும்பி வரும்போது நடந்துதான் வர வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாயாம். கடைசிப் பிள்ளை படியேறும்போது பின்னால் ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மழை விட்டபின் போய்ப் பார்த்தேன். பால் வெட்டி வெட்டி அடி மெலிந்த ஒரு பெரிய மரம் குழிக்குக் குறுக்கே கிடந்தது. காமாட்சி படுத்திருந்த இடத்தில் நடுத்தண்டு. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. நாளைக்குத்தான் கேட்பாள்.

மறுநாள் ரெம்பாவிலிருந்து சப்பான் ராணுவக்காரன் வந்தான். பொய் மணி அடித்ததற்கு எனக்கு இரண்டு அறை. சுத்தியலைப் பறிகொடுத்ததற்குக் கிராணிக்கு மூன்று. என்னைவிட ஒன்று கூடுதலாக வாங்கியதில் அவருக்கு மகா வருத்தம். தன் பதவிக்கு அதுதான் மரியாதை என்று எடுத்துச் சொல்லித் தேற்றினேன். அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை.

இப்போது பாடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். விமானத்துக்கு வெளியே, குழிக்கு. இடிக்கு உள்ளே, நடுவில். காதைத் தீட்டிக்கொண்டு எது எந்தச் சத்தம் என்று பிரிக்கப் பழகுகிறோம். நான் பெரிய கிடாரப் பானையைத் தட்டுவேன், தகரத்தை உலுக்குவேன், ஊம் என்று விமானம் மாதிரி ஊளையிடுவேன். பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள், உள்ளே ஓடுகிறார்கள். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்கிறார்கள். ஆனால் நேற்று இடித்தபோது ஒரு பிள்ளைகூட வெளியே ஓடவில்லை, மச்சான். ஒன்றுகூட.

அப்போதுதான் காமாட்சி கை தூக்கினாள்.

"மாமா, மழையும் பேஞ்சு, இடியும் இடிச்சு, அதே நேரத்துல பிளேனும் வந்தா? உள்ளயா, வெளியயா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. கரித்துண்டைக் கீழே வைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

உன் மகளை நான் பார்த்துக்கொள்வேன். யார் அறைந்தாலும் இந்தப் பிள்ளைகளை விட்டு நகரமாட்டேன். அது என் பொறுப்பு. ஆனால் இந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். துரையிடம் கேட்க வழியில்லை, சப்பான்காரனிடம் கேட்டால் அறைவான், கிராணியிடம் கேட்டால் இரண்டு மணியும் அடிப்பார். திதியானாலும் நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. மேற்கே வானம் இப்போதே கறுத்துக் கிடக்கிறது.

சொல்லு மச்சான். உள்ளேயா, வெளியேயா?

உன் காமாட்சியின் தாய்மாமன்,
முத்தையா