நோட்டுப் புத்தகத்தின் கடைசிச் சட்டம்

உன் நோட்டுப் புத்தகம் இன்று காலை தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததுமே பழைய கோதுமை மாவுப் பசை வாசம். பண்டாரவளையில், வாசலில் இலக்கம் போட்ட என் வீட்டில் உட்கார்ந்து அதை முகர்ந்துகொண்டிருக்கிறேன். நீ செத்துப்போய் ஒரு மாதமாகிவிட்டது. அனுப்பியது உன் மகள். உள்ளே ஒரு வரி கடிதம்கூட இல்லை.

உலகத்துக் கிறுக்குச் சட்டங்களை எல்லாம் இதில் ஒட்டி வைத்திருந்தாய். பதுளை பஸ் ஸ்டாண்டில் வடை சுற்றிக் கொடுத்த பேப்பரைக்கூட விடமாட்டாய், எண்ணெயைத் துடைத்துவிட்டு வெட்டி ஒட்டுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே கூரைக்குக் கீழ் ஒற்றையறை வீடுகளாய் நீண்ட உன் லயத்து வாசலில் பிளேன் டீயோடு உட்கார்ந்து உரக்க வாசிப்பாய். நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், நீ அதே தோட்டத்து மலையில் வேலை செய்பவன். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதால் அங்கே மட்டும் நமக்குள் வாடா போடாதான்.

பிரான்சில் முன்னொரு காலத்தில், பிள்ளையைக் கடித்துக் கொன்ற பன்றியை வழக்கு வைத்துத் தூக்கில் போட்டார்களாம். சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியை ஒற்றையாக வளர்க்கக் கூடாதாம், ஏங்கிப்போகுமாம். "அதுக்குத் தொண வேணும்னு சட்டம் போட்டிருக்கான் பாரு. இங்க ஒரு காம்பராவுல எட்டுப் பேரு கெடக்கோம், நமக்கு அந்தச் சட்டமே தேவையில்லடா" என்பாய்.

உனக்கு ரொம்பப் பிடித்தது பழைய கிரேக்க நகரம் ஒன்றின் சட்டம். புதுச் சட்டம் கேட்பவன் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடுதான் சபைக்கு வர வேண்டும். சபை ஒப்புக்கொள்ளாவிட்டால் அங்கேயே இறுக்கிவிடுவார்கள். "நம்ம தொரமாருக்கும் அப்பிடி ஒண்ணு வச்சா எத்தன பேரு மிஞ்சுவாங்க?" என்று கேட்டாய். உன்னைவிட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

நம் தோட்டத்துச் சட்டம் மட்டும் அப்போது உன் நோட்டில் இல்லை. லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, எல்லார் கடிதமும் ஆபீசுக்குத்தான் வரும். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, வந்து பெயர் கொடுத்தவனுக்கு மட்டும்தான் சாயங்காலம் கடிதம். வீட்டார் பெயருக்கு வந்தாலும் தோட்டத்தில் வேலைக்குப் பதிந்த குடும்பத் தலைவன்தான் வந்து வாங்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுதி ஜன்னலில் ஒட்டியது நான்.

மலையில் குளவிக் கூட்டம் கொட்டி நீ முகம் வீங்கிக் கிடந்த கிழமைதான் உன் மகளுக்கு அரசாங்க முத்திரையோடு நீளமான உறை வந்தது. நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். லயமே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. நான் அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

"மாமா, எனக்குக் கடுதாசி வந்துச்சுங்களா?"

"வந்திருக்கு. அப்பாவ பெரட்டுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு."

"அப்பாவுக்குக் கண்ணே தொறக்கலீங்க மாமா."

"சட்டம்மா அது. நான் என்ன செய்யிறது?"

இரண்டு தரம் வந்தாள். இரண்டு தரமும் இதைத்தான் சொன்னேன். துரை அந்தக் கிழமை முழுக்கக் கொழும்பில். கேட்க ஆள் இல்லை, சாவி என் இடுப்பில். பயந்துதான் கொடுக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லையடா. என் ஜன்னலுக்கு முன்னால் ஒருத்தர் கெஞ்சி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள், ஒரு கண் திறக்காமலே பெரட்டில் வந்து நின்றாய். மலையேறி வேலையும் செய்தாய். சாயங்காலம் ஜன்னலுக்கு வந்து, "கடுதாசி குடுங்க கிளாக்கரய்யா" என்றாய். கேலியாகச் சொல்லவில்லை. பிரித்து வாசித்தாய். நேர்முகப் பரீட்சை முந்தின நாளே முடிந்திருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாய். உன் மனைவிதான் ஆபீஸ் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "தொரகூட குடுத்திருப்பாரு! சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வெட்கமில்லாமல் வந்தேன். கதவைச் சாத்தினாய். உன் மகள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள், இருபது வருஷமாய் இன்றும் அதே மலையில்தான். உன் சாவுக்கு வந்த என்னை யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒட்டிய துண்டு எதுவும் இல்லை, உன் கையெழுத்து மட்டும்: "இலங்கை, ஊவா. அப்பன் வேலைக்கு வராவிட்டால் மகளுக்குக் கடிதம் இல்லை. போட்டது துரை. காத்தது என் சிநேகிதன். சுருக்கு என் மகள் கழுத்தில்."

அதை வாசித்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் அவள் பெயர், தோட்டத்துப் பெயர், அதோடு முகவரி முடிந்துவிட்டது. லயத்துக்கு இன்னும் இலக்கம் வரவில்லை. தபாலில் போட்டால் அதே ஆபீசுக்குத்தான் போகும். பஸ் ஏறிப் போய் நேரில் கொடுக்கலாம். அவள் பழையபடி "மாமா" என்று கூப்பிட்டுவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? நாளைக்குப் பார்க்கலாம் என்று கடிதத்தை மேசை லாச்சியில் வைத்தேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.