சொல் வந்து சேரும் வரை

மங்களூர்
12 ஜூலை 1998

தீர்த்தரூபரான அப்பய்யாவுக்கு, மகள் ஷால்மலா விழுந்து வணங்கி எழுதுவது.

நான் இங்கே நலம். விடுதிச் சமையல்தான் நலமில்லை. சாம்பார் என்று ஊற்றுகிறார்கள். அதில் தேங்காயும் கிடையாது, புளியும் கிடையாது. ஆயி கொடுத்தனுப்பிய பலா அப்பளத்தை என் அறைத்தோழி பொரிக்காமலேயே தின்று தீர்த்துவிட்டாள் என்று ஆயியிடம் சொல்லுங்கள்.

எங்கள் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரிக்குப் பின்பக்கம், கேன்டீனை ஒட்டி. வருகிறவர்களில் பாதிப் பேர் பல் டாக்டரைத் தேடி வழி தவறி வருகிறவர்கள். பேச்சுக்கென்று ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. உள்ளே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பயிற்சி நடக்கும், இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து நாங்கள் பார்ப்போம். குரலைக் கோடாக வரைந்து காட்டும் இயந்திரம் ஒன்றும் உண்டு. நான் அதன் முன்னால் கன்றுக்குட்டி மாதிரி 'அம்பா' என்று கத்திப் பார்த்தேன். நம் வீட்டுப் பின்னால் தெரியும் மலை மாதிரியே வந்தது.

லிடியா மேடம் என்று எங்கள் பேராசிரியை. இந்த மாதம் ஒரு விசித்திரமான வேலை கொடுத்தார். ஊருக்குள் போய் யாரிடமாவது வேண்டுமென்றே திக்கிப் பேச வேண்டும். திரும்பி வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் ஹம்பன்கட்டாவில் ஒரு ஜூஸ் கடைக்குப் போனேன். "லெ... லெ..." என்று ஆரம்பித்தேன். கடைக்காரர், "லெமனா, லஸ்ஸியா? சீக்கிரம் சொல்லும்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எதிரே இருந்த பாட்டிலைக் காட்டி, பாதாம் பால் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பய்யா, இதற்கு மேல் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நம் வீட்டில் யாரும் பேசாத விஷயம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், பிடிக்காவிட்டால் பதில் வேண்டாம். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும்போது அதனிடம் மணிக்கணக்காகப் பேசுவீர்களே, ஒரு எழுத்துகூடத் தடுக்காதே. அது ஏன்?

உங்கள்
ஷால்மலா

&nbsp;

சிர்சி
21 ஜூலை 1998

சிரஞ்சீவி ஷால்மலாவுக்கு அப்பய்யாவின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. மழை விடவில்லை. பாக்குக்கு அழுகல் வந்துவிடுமோ என்று உன் ஆயிக்குப் பயம். மருந்து அடிக்க ஆள் ஏறினால் மழை, இறங்கினால் வெயில். அட்டைகள் என் கால்களை மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. கம்பவுண்டர் புட்டா நாயக்கின் மகனுக்குக் கார்வாரில் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் பேடா கொடுத்தான்.

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாடுகள் எல்லாம் சௌக்கியம்.

சாப்பாடு சரியில்லை என்றால் மோர் நிறையக் குடி. ஆயி ஊறுகாய் அனுப்புகிறாள்.

உன்
அப்பய்யா

பி.கு. உனக்குப் பாதாம் பால் பிடிக்காதே. அந்தக் கடைக்காரன் முகம் எப்படி இருந்தது?

&nbsp;

மங்களூர்
9 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அப்பய்யாவுக்கு நமஸ்காரம்.

ஊறுகாய் வந்தது. உங்கள் பின்குறிப்பைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்காரர் முகத்தில் முதலில் பாவம் என்கிற பார்வை வந்தது. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவம் பார்த்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஏனென்று தெரியவில்லை.

இப்போது எனக்கென்று தனியாக ஒரு குழந்தையை ஒப்படைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலைகளில் உல்லாளத்திலிருந்து வருகிறாள். மிஸ்ரியா என்று பெயர், ஏழு வயது. வீட்டில் பியாரி மொழி பேசுவார்கள், பள்ளியில் கன்னடம். இரண்டிலும் திக்குகிறது. அதனால் இரண்டையும் விட்டுவிட்டாள். தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். "பொண்ணு மந்தம், அடுத்த வருஷம் அனுப்ப வேணாம்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். அவள் அம்மா ஸீனத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல பூனைகிட்ட எப்படிப் பேசுவா தெரியுமா டாக்டரம்மா? கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கேன், அருவி மாதிரி பேசுவா" என்றார். நான் இன்னும் டாக்டர் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. பூனை என்றதும் எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

புத்தகத்தில் உள்ளதையெல்லாம் செய்து பார்த்தேன். படம் காட்டினேன், பாட்டுப் பாடினேன், "மெதுவா சொல்லு கண்ணு, மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்றேன். அவள் மேஜையில் இருந்த ரப்பர் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் கேட்கிறேன், அப்பய்யா. மகளாகக் கேட்கவில்லை, வழி தெரியாமல் கேட்கிறேன். சொல் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, எதிரே இருக்கிறவர் என்ன செய்தால் நன்றாக இருக்கும்?

உங்கள்
ஷால்மலா

&nbsp;

சிர்சி
23 ஆகஸ்ட் 1998

மகளே, ஆசிகள்.

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் பதில் தயாராக இல்லை. யோசித்து யோசித்து எழுதுகிறேன்.

சின்ன வயதில் என் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னார்கள். சாலை முக்கில் பையன்கள், "திக்குவாயா, ரயிலு வந்துச்சா?" என்பார்கள். அதையெல்லாம் தாங்கலாம். 'மெதுவா சொல்லு, மூச்சு விட்டுட்டுச் சொல்லு' என்பார்கள் பார், அதுதான் தாங்க முடியாது. சொல்கிறவர்கள் நல்லவர்கள், கோபித்துக்கொள்ளவும் முடியாது. நான் என்ன சொல்ல வந்தேன் என்பதை அவர்கள் கேட்கவில்லை, எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்கிறார்கள். அது எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் தொண்டை பூட்டிக்கொள்ளும்.

என்ன சொல் வரப்போகிறது என்று ஊகித்து எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். சில சமயம் தப்பான சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். சண்டை எதற்கு என்று நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். ஒரு கல்யாணத்தில் இப்படித்தான் வேண்டாத இனிப்பு ஹோளிகையை நாலு தின்றேன். உன் பாதாம் பால் கதையைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஆயி, "என்ன, என்ன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மிகவும் கஷ்டம் என் சொந்தப் பெயர்தான். மற்ற சொல் வராவிட்டால் வேறொன்றை மாற்றிப் போடலாம். பெயரை எப்படி மாற்றுவது? அந்தக் குழந்தையிடம் முதல் நாளே பெயர் கேட்டிருப்பாய். இனி கேட்காதே.

என்ன செய்ய வேண்டும் என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். முகத்தைப் பார். சொல் வரும் வரை இரு. ரயில்வே கேட்டில் நிற்கிறவன் முகம் வேண்டாம். அவள் சொல்லப்போவது உனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும் என்று இரு. தெரிய வேண்டாதது என்றால் கேட்கவே கேட்காதே.

மாடு ஏன் என்றாயே. நான் பேசி முடிக்க வேண்டும் என்று மாடு எதிர்பார்ப்பதில்லை. பூனையும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்தப் படிப்பை எனக்காக எடுத்தாயா?

அப்பய்யா

&nbsp;

மங்களூர்
13 செப்டம்பர் 1998

அன்புள்ள அப்பய்யாவுக்கு,

மிஸ்ரியா பேசிவிட்டாள்! அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெயர் கேட்கவில்லை, படம் காட்டவில்லை. "எங்க வீட்டுல பூனை இல்ல, பூனை எப்படித் தூங்கும்னு எனக்கு நிஜமாவே தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே, நம் வீட்டில் ஆயி பூனையை விடுவதில்லை. வெகு நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் "வ்... வ்... வ்..." என்று ஆரம்பித்தாள். முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கை பரபரத்தது. ஆனாலும் நீங்கள் சொன்னபடி இருந்தேன். "வ்வ்வாலை மூக்கு மேல போட்டுக்கும்!" என்றாள். இருவரும் சிரித்தோம். இருட்டுப் பக்கத்தில் யாரோ கைதட்டிவிட்டார்கள். மேடம் அதட்டினார்.

வெளியே வந்ததும் லிடியா மேடம், "இத யார் சொல்லிக்கொடுத்தாங்க ஷால்மலா?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். மேடம் மறுநாள் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். நீங்கள் நேரில் வந்து எங்களோடு பேச முடியுமா என்று மேடம் கேட்கச் சொன்னார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், உங்களுக்காகத்தான் சேர்ந்தேன். குணமாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

உங்கள்
ஷால்மலா

&nbsp;

சிர்சி
22 செப்டம்பர் 1998

ஷால்மலாவுக்கு,

குழந்தை பேசியதில் சந்தோஷம்.

நான் உனக்கு எழுதினேன். வகுப்புக்கு எழுதவில்லை. உன் ஆயிக்குக்கூடத் தெரியாத விஷயம் அதில் இருந்தது. அங்கே எத்தனை பேர் கேட்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். வர இயலாது என்று உங்கள் மேடத்திடம் சொல்லிவிடு.

நான் வியாதி இல்லை.

இங்கே கோமாரிக்குத் தடுப்பூசி போடும் வேலை தொடங்கிவிட்டது. கொஞ்ச நாளைக்கு எழுத நேரமிருக்காது.

அப்பய்யா

&nbsp;

மங்களூர்
11 அக்டோபர் 1998

அப்பய்யா,

உங்களைக் கேட்காமல் காட்டியது என் தப்பு. கடிதத்தைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டேன். மேடத்திடம் போய், "அது அப்பய்யா எனக்கு எழுதினது, நான் காட்டியிருக்கக் கூடாது" என்றேன். அவர், "நானும் கேட்டிருக்கணும். அவர்கிட்ட என் சார்புல மன்னிப்புக் கேளு" என்றார்.

குணமாக்குவது என்று எழுதினேனே, அந்த வார்த்தையை எழுதியபோதே பேனா தயங்கியது. சேர்ந்தபோது அப்படித்தான் நினைத்தேன். இப்போது அதற்காகப் படிக்கவில்லை. ஒரு சொல் வெளியே வருவதற்கு முன்னால் ஒரு ஆளுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அதற்காகவே படிக்கிறேன். நீங்கள் எப்படிப் பேசினாலும் எனக்குக் கேட்க வேண்டும். இந்த இருபது வருடத்தில் நீங்கள் பாதியில் விட்ட பேச்சுகள் எத்தனையோ. அதெல்லாம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மிஸ்ரியா இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். திக்கிக்கொண்டேதான். பள்ளி வாத்தியார் ஒருநாள் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். "இவ்வளவு விஷயம் இவளுக்குத் தெரியுமா!" என்று அவருக்கு ஆச்சரியம். அடுத்த வருடமும் அனுப்பச் சொல்லிவிட்டார்.

போன வாரம் அவள் கேட்டாள்: "டீச்சர், ப்... ப்... பெரியவங்களுக்கும் இப்படி வருமா?" வரும் என்றேன். "நீங்க சும்மா சொல்றீங்க. நான் ஒருத்தரைக்கூடப் பார்த்ததே இல்ல" என்றாள். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரைக் கேட்காமல் யாரென்று சொல்ல மாட்டேன் என்றேன். "அவர் எ... என்ன வேலை செய்றார்?" என்றாள். அதையும் சொல்லவில்லை.

இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மாட்டைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும். எழுதுங்கள்.

உங்கள்
ஷால்மலா

&nbsp;

சிர்சி
4 நவம்பர் 1998

சிரஞ்சீவி ஷால்மலாவுக்கு அப்பய்யாவின் அன்பான ஆசிகள்.

தடுப்பூசி வேலை முடிந்தது. பாக்கு பாதி தப்பியது. ஆயிக்கு முழங்கால் வலி, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். கோபம் எங்கேயோ வழியில் இறங்கிப் போய்விட்டது. நேற்று ஆயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வசம்பு, கூழாங்கல், ஹோளிகை எல்லாம். சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. அவள் பாக்கு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நாலு ஹோளிகையா! அன்னிக்கு வயித்து வலின்னு படுத்தீங்களே, அதுவா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

அந்தக் குழந்தை நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஏன் திக்குகிறது என்று அவள் கேட்கவில்லை பார்.

மாட்டு டாக்டர் என்று சொல்லு. அவர் மகள்தான் உன் டீச்சர் என்றும் சொல்லலாம்.

வகுப்பு முன்னால் வந்து நிற்க இன்னும் மனம் வரவில்லை. வரும்போது வரட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எதிரே புதிதாக டெலிபோன் பூத் திறந்திருக்கிறார்கள். மிஸ்ரியா செவ்வாய்க்கிழமை காலையில்தானே வருவாள்? வருகிற செவ்வாய் அவள் வரும் நேரத்துக்கு உங்கள் துறை நம்பருக்குப் பேசுகிறேன். யாரும் இருட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டாம். அவளும் நானும் மட்டும். பூனை வாலை மூக்கு மேல் ஏன் போட்டுக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்ல வேண்டும்.

போனை எடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. எடுத்ததும் ஒன்றும் கேட்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடப் போகிறார்கள். வைக்க வேண்டாம். நான் அங்கேதான் இருப்பேன்.

உன்
அப்பய்யா