ரிஸ்வானாவின் மணிக்கட்டு

புதன், இரவு.

ரிஸ்வானா தானாகவே தன் பெயரை எழுதுகிறாள் என்று போன வாரம் எங்கள் சிறப்புப் பள்ளியின் மதிப்பீட்டுப் படிவத்தில் டிக் போட்டேன். அவள் மணிக்கட்டில் என் விரல் சும்மாதான் இருந்தது என்று நம்பினேன். பதினான்கு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. எனக்கே கண் கலங்கியது.

இன்று அவள் எழுதும்போது செல்போன் அடித்ததால் கையை எடுத்தேன். பாதி எழுத்தில் பென்சில் நின்றது. என் முகத்தையே பார்த்தாள். மறுபடி விரலை வைத்தேன். பென்சில் ஓடியது.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவள் உம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர், புள்ள எழுதுனத போட்டோ எடுத்து துபாய்க்கு அனுப்பிட்டேன். அவ வாப்பா அழுதுட்டாங்க. நாளைக்கு வீடியோவுல எழுதிக் காட்டச் சொல்லுதாங்க."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நாளைக்கு அந்த வீட்டில், அந்த மணிக்கட்டை யார் தொடுவார்கள்? பென்சிலைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் காத்திருப்பாள்?

இன்று அவள் எழுதிய தாள் இப்போது இந்த நோட்டின் மேல் கிடக்கிறது. நோட்டில் இன்றைய முதல் வரியில் நான் எழுதிய அவள் பெயரையும் தாளில் இருப்பதையும் மாறி மாறிப் பார்க்கிறேன். கடைசி எழுத்தை முடிக்கும்போது நான் போடும் சுழி, அதிலும் இருக்கிறது.