விளக்கு அணைந்தால் எல்லாம் சரி

என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் முழங்கால் வலி அப்படியேதான். உன் தங்கை வேலைக்குப் போய் வருகிறாள். கதவைப் பூட்டுவது அப்பா வேலையாக இருந்ததா, இப்போது பூட்டினோமா இல்லையா என்று இரண்டு பேரும் மாறி மாறி எழுந்து பார்க்கிறோம். போனில் நீ இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. நான் படித்த படிப்புக்குப் பிழை இருக்கும், சேர்த்துப் படித்துக்கொள்.

அப்பா கேஸ் வாய்தாவுக்குப் போய் வந்தேன். உங்கள் கார் கம்பெனி வக்கீல் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று, "பூட்டை உடைச்சு நகையை எடுத்துட்டுப் போனா, பூட்டுக் கம்பெனி மேலயா கேஸ் போடுவாங்க?" என்று கேட்டார். நியாயம்தானே என்றுகூட எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் பதில் வந்தது. நகை போனால் கழுத்து சொல்லிவிடும். இந்த வண்டி, எதுவும் போகவில்லை என்றல்லவா அப்பாவிடம் தினமும் சொன்னது?

சீட் உறை மாற்ற விட்ட கடையில்தான் ஸ்டியரிங்குக்குள் இருந்த ஏர்பேக்கைத் திருடியிருக்கிறார்கள். பழந்துணியைத் திணித்து மூடி, ஏதோ சின்னத் துண்டைச் சொருகி, எச்சரிக்கை விளக்கையும் ஏமாற்றிவிட்டார்களாம். லாரியில் மோதினபோது அப்பா நெஞ்சுக்கு முன்னால் அந்தத் துணிதான் இருந்தது. திருடினவனை போலீஸ் பார்த்துக்கொள்ளும். நான் கேட்பது வேறு. பை இல்லை என்று சொல்லத் தெரியாத வண்டியை ஏன் விற்றார்கள்? நம் வக்கீல், "லேசுல முடியாதும்மா, இதுல கம்பெனி பொறுப்பா இல்லையான்னு கோர்ட்டுதான் முடிவு பண்ணணும்" என்கிறார். பண்ணட்டும்.

எதிர்வீட்டு அக்கா, "மகன் சோறு திங்குற கம்பெனி மேலயே கேஸா?" என்று முகவாயில் கை வைத்தாள். "தின்ன சோத்துக்கு அவன் வேலை பாத்துட்டான், நீ உள்ள போ" என்றேன்.

கேஸை வாபஸ் வாங்கச் சொல்லித் தங்கையிடம் சொல்லி அனுப்பினாய். வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய் என்றுதான் நினைத்தேன். அவளை உலுக்கிக் கேட்ட பிறகு சொன்னாள். அந்த விளக்கை நம்பச் சொன்னது யார் என்று கோர்ட்டில் கேட்பார்கள், அம்மா முன்னால் நான் எப்படிச் சொல்வேன் என்று அழுதாயாமே.

அட பைத்தியக்காரா. நீ அப்பாவுக்கு வண்டி வாங்கிக் கொடுத்த அன்றைக்கு நானும் பின்சீட்டில்தானே இருந்தேன்? "சாவி போட்டா இந்தச் சிவப்பு விளக்கு எரியும்ப்பா, அணைஞ்சுட்டா பை பத்திரமா இருக்குன்னு அர்த்தம்" என்றாய். கம்பெனியில் உனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ சொன்னாய். அதிலிருந்து அப்பா, விளக்கு அணையும்வரை எங்களை வாய் திறக்க விட மாட்டார். "இரு இரு, வண்டி உத்தரவு கொடுக்கட்டும்" என்பார். "என் பேச்சை இப்படி ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?" என்பேன். சிரித்துக்கொண்டே கிளப்புவார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் ஓட்டினதில்லை.

கேஸை நான் விட மாட்டேன். ஆனால் சாட்சிக்கு உன் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று வக்கீலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால் தோற்கலாம் என்றார். தோற்றால் தோற்போம். என்னிடம் சொல்ல நீ பயந்ததை நானே எழுதிவிட்டேன், இனி உனக்கு என்ன பாக்கி?

லீவு கேட்டு வா. அப்பா துணிகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். ஒரு நீலச் சட்டையை மட்டும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உனக்குத் தோள் சரியாக வரும் என்று நினைக்கிறேன். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, ராசா. நீ நல்லா இருக்கணும்.

உன் அம்மா