அம்மாவின் அட்டை

ராயபுரம்,
திங்கட்கிழமை.

ஜூடி அப்பாவுக்கு வியாகுலம் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். கிரேனில் ஏறி இறங்கி உங்கள் முதுகுவலி கூடியிருக்கும். பக்கத்து வீட்டு அன்புமணி வியாழக்கிழமை உங்கள் சலாலா துறைமுகத்துக்கே வேலைக்கு வருகிறான். கருவாடும் தைலமும் அவனிடம் கொடுத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தையும். போனில் நீங்கள் ஜூடியைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. இதுவும் ஜூடி விஷயம்தான்.

அவள் ஸ்காட்லாந்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு படிப்பதாக எல்லோரிடமும் சொல்கிறீர்கள். அது இல்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பேசிப்பேசியே ஒரு கதையை நடத்துவார்கள். என் ஆள் இதைச் செய்கிறாள் என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அப்படி ஒரு விளையாட்டை எப்படிக் கட்டுவது என்பதுதான் படிப்பு. கடைசி வருஷத்துக்கு அவளே ஒன்று கட்டியிருக்கிறாள். ஆடிப் பார்த்துக் குறை சொல்லும்படி இங்கே தோழி மகிமாவுக்கு அனுப்பியிருந்தாள். போன ஞாயிறு பூசை முடிந்ததும், ஒரு ஆள் குறைகிறது, சும்மா உட்காருங்கள் ஆன்ட்டி என்று மகிமா கூப்பிட்டாள். மகள் செய்தது என்ற ஆசையில் போனேன்.

எண்ணூர் கதை அது. கம்பெனி பெயர் இல்லை, நம் பெயரும் இல்லை. பைப் உடைந்து வாயு வருகிறது. ஒரு அம்மா, ஒரு மகள், வீட்டுக்குள் தூங்கும் சின்னப் பையன், வாசலில் ஒரு ஸ்கூட்டர். மகிமாவுக்கு ஒன்றும் தெரியாது. நம் சின்னவன் சாவியோவை எண்ணூரில் அடக்கம் செய்த பிறகுதானே நாம் ராயபுரம் வந்தோம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு அம்மா வேஷம் விழுந்தது. அட்டையில் எண்கள் இருந்தன. பயம் ஐந்து. அன்பு ஒன்று.

உள்ளே போய்ப் பையனைத் தூக்க வேண்டுமானால், அன்புக்குப் போட்ட எண்ணைத் தாண்டாமல் பகடை விழ வேண்டும். எனக்கு நான்கு விழுந்தது. விதிப்படி ஒரு தடவைதான். இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். ஆறு. மறுபடியும் கேட்டேன். மூன்று. மகள் வேஷம் போட்டிருந்த மலிகா சிரித்துவிட்டாள். "இன்னா பொம்பள இது, பெத்த புள்ளைய வுட்டுட்டு ஓடிக்கினு கீது" என்றாள். அது விளையாட்டுப் பேச்சு. கல்லறையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் அதையே என்னைக் கேட்டது விளையாட்டில்லை.

மலிகாவின் அட்டையையும் வாங்கிப் படித்தேன். தம்பியை விட்டுவிட்டுப் போகாதே என்று மகள் அம்மாவிடம் கெஞ்சுகிறாளாம். ஜூடி வேண்டுமென்று பொய் எழுதவில்லை. பதிமூன்று வயதில் நடந்தது அவளுக்குள் அப்படி மாறிப்போயிருக்கிறது.

நடந்ததை எழுதுகிறேன். நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது தெருவே இருமிக்கொண்டிருந்தது. ஜூடி முக்கில் நின்றாள். தம்பி எங்கே என்றேன். "அவன் யாசின் அண்ணன் ஆட்டோல பூட்டான்மா" என்றாள். சிவப்புச் சட்டை போட்ட வேறு பையனைப் பார்த்திருக்கிறாள். நான் நம்பினேன். அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் யாசின் ஆட்டோவில் சாவியோ இல்லை. திரும்பிப் போனேன். போலீஸ்காரர்கள் பாலத்திலேயே மறித்துவிட்டார்கள். அவன் வீட்டுக்குள்தான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

கல்லறையில் நீங்கள் கேட்டபோது அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னதை நம்பித்தான் போனேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? பத்து வருஷமாக நீங்கள் அங்கேயே வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இன்று காலை ஜூடி போன் செய்தாள். நான் ஆடியதை மகிமா சொல்லியிருக்கிறாள். கஷ்டமாக இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. விதிகள் புரிந்தனவா என்று கேட்டாள். அன்புக்கு முதலில் பூஜ்யம்தான் போட்டாளாம். பூஜ்யம் என்றால் யாரும் பகடையையே தொட மாட்டார்கள், கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தால்தான் தோற்கும்போது வலிக்கும் என்று வாத்தியார் சொன்னாராம். அதனால் ஒன்று ஆக்கினாளாம். அந்த எண் சரியா என்று கேட்டாள்.

"சரியாத்தான் கீது. மாத்தாதே" என்றேன்.

அதை அச்சுப் போடப் போகிறார்களாம். ஒரு பெட்டி உங்களுக்கும் வரும், லீவில் வரும்போது அப்பாவோடு ஆட வேண்டும் என்கிறாள். ஆடுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆடுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள். ஒன்றும் தெரியாமல் ஆடினால் கேட்டுவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதினேன்.

என்னை இனி மன்னிக்கவும் வேண்டாம். நீங்கள் திடீரென்று என்னோடு நன்றாகப் பேசினால், ஏன் என்று அவள் யோசிப்பாள். எப்போதும் போலவே இருங்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
வியாகுலம்