தானாக அணைந்த இன்ஜின் விளக்கு

நவம்பர் 4, செவ்வாய்

விடியும் முன்பிருந்தே மழை. துணி எதுவும் காயவில்லை. மகள் ஷைனிக்கு ஈர சாக்ஸ்தான்.

கார் ஸ்டார்ட் ஆகும்போது கடகடவென்று சத்தம், பிறகு இல்லை. மாலை ஸ்கூலிலிருந்து திரும்பும்போது மஞ்சள் இன்ஜின் விளக்கு மறுபடி. ஒரு மாதமாக இதே கதை. மாலை எரியும், காலையில் பார்த்தால் இருக்காது. மழை ஈரத்தில் அப்படித்தான், தானாகப் போய்விடும் என்கிறார் என் கணவர் ஜே. சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டின் கன்ட்ரோல் ரூமில் விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வீட்டுக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டென்த் பேப்பர் திருத்தவில்லை. பால் கார்டும் வாங்கவில்லை.

5, புதன்

காலையில் விளக்கு இல்லை. ஜே. ஐந்து மணிக்கே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

பண்ருட்டி தாண்டிக் கரும்பு லாரியை முந்தும்போது வண்டி இழுக்கவே இல்லை. எதிரே பஸ். பக்கத்து சீட்டில் ஷைனி. எப்படி மறுபடி லாரிக்குப் பின்னால் நுழைந்தேனோ, மாதா காப்பாற்றினாள். விளக்கு எரிந்தது.

மாலை மெதுவாக உருட்டிக்கொண்டு நேரே மந்தாரக்குப்பம் ஒர்க்‌ஷாப். மெக்கானிக் ஆறுமுகம் ஸ்கேனர் மாட்டினார். கேம்‌ஷாஃப்ட் டைமிங் என்று ஒரு கோளாறு எண் வந்தது. இன்ஜினில் மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு, இரண்டும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டுமாம். சுற்றவைக்கும் செயின் தொய்ந்துவிட்டது. "இன்னும் ரெண்டு பல்லு தாண்டிச்சின்னா ஓடிக்கினு இருக்கும்போதே நின்னுடும் டீச்சர்."

அதுவே பெரிய அடி. பிறகு கேட்டாரே ஒன்று.

"இத்த யாருங்க அழிச்சிகினே இருக்கறது? இன்னிக்குக் காலையில கூட அழிச்சிருக்குது."

அழித்த பிறகு ஓடிய தூரத்தை ஸ்கேனர் காட்டுகிறது. இன்று ஸ்கூல் போய் வந்த தூரம் மட்டும்.

சாவியைத் தொடுவது இரண்டே பேர். நான், ஜே.

ஆட்டோவில் வீட்டுக்கு. கேட்டேன். ஃபிரிட்ஜ் மேலிருந்து தீப்பெட்டி அளவில், காரில் செருகும் கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். போனில் ஒரு பட்டன், விளக்கு போய்விடும். எரிந்தால் நான் பயந்து ஓட்டுவதையே விட்டுவிடுவேனாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாராம்.

தூக்கம் வராது.

6, வியாழன்

பஸ். நனைந்தாயிற்று.

ஒர்க்‌ஷாப்பில் பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுக் காட்டினார்கள். பழையது நீண்டு தொங்குகிறது. இதை நம்பியா பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன்? செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் போய்விட்டது. எல்லாம் புதிது. இன்ஜின் ஆயிலும்.

ஜே.யிடம் பேசவில்லை. இட்லி வைத்தேன்.

7, வெள்ளி

வெயில், அதிசயமாக. கார் வந்துவிட்டது. சத்தமே இல்லை. விளக்கும் இல்லை, இந்தமுறை நிஜமாகவே.

மத்தியானம் சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன். ஷைனிக்குக் காய்ச்சல், நானும் ஜே.யும் லீவு. பெல்ட் நின்று விளக்கு எரிந்தால் அங்கே என்ன செய்வீர்கள் என்றேன். ஒரு தடவை ரீசெட் பண்ணி விளக்கை அணைக்கலாம், மறுபடி எரிந்தால் நிறுத்திவிட்டு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார்.

"திரும்பத் திரும்ப ரீசெட் பண்ண மாட்டீங்களா?"

"அதெப்படிப் பண்றது? பெல்ட் பக்கத்துல ஆளுங்க இருப்பாங்கல்ல."

கட்டிலில் படுத்திருந்த ஷைனியைத் திரும்பிப் பார்த்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.